உப்புத் தண்ணி ஊர்ல பாத்ரூம் கழுவுறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

இந்த தபா வந்த கடிதங்கள்ல நெறைய பாத்ரூம் பத்திதான். ஆசிட் வேணாம், ஃபினாயில் வாசனை தலைவலிக்குது, வீட்ல இருக்கிற பொருளை வெச்சே சுத்தம் பண்ண முடியுமான்னு காட்பாடில இருந்து ஆம்பூர் வரைக்கும் கேட்டிருக்கீங்க. முடியும்ங்க. ஆனா எந்த அழுக்குக்கு எதைப் போடணும்னு தெரிஞ்சு போடணும், அதனால சில பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க.

கேள்வி: அக்கா, எங்க வூடு காட்பாடி காந்தி நகர்ல. போர் தண்ணிதான். கொழாய், டைல்ஸ், பக்கெட், மக் எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு, எவ்ளோ தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. தெருவுல விக்கிற ஆசிட் வாங்கி ஊத்தினா அன்னிக்கு பளிச்னு இருக்கு, ஆனா கண்ணெல்லாம் எரியுது, மூச்சு அடைக்குது, சின்னப் பையனுக்கு இருமல் வேற வருது. வேற இன்னா பண்ணலாம்?

பதில்: முதல்ல ஆசிட் பாட்டிலை எடுத்து ஓரமா வைங்கம்மா. பையனுக்கு இருமல் வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுக்கு மேல காரணம் வேணுமா?

நம்ம ஊர் பாத்ரூம்ல இருக்கிறது பெரும்பாலும் அழுக்கே கிடையாது, தண்ணில இருந்து வந்த உப்பு. போர் தண்ணில கால்சியம், மெக்னீசியம் ரெண்டும் கரைஞ்சு வருது. தண்ணி காஞ்சதும் அது மட்டும் அப்படியே தங்கிடுது, தினமும் ஒரு படலம், அது மேல இன்னொரு படலம். குடிக்கிற தண்ணில கடினத்தன்மை, அதாவது இந்த உப்போட அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்திய தர நிர்ணய அளவு ஐஎஸ் 10500 சொல்லுது. உங்க தண்ணி எவ்ளோன்னு ஒரு தபா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கோங்க, அப்பதான் எவ்ளோ சீக்கிரம் கறை படியும்னு ஒரு கணக்கு வரும். இந்தக் கறை சோப்புக்கு அசையாது, சர்ஃபுக்கு அசையாது, கம்பி நார் போட்டு தேய்ச்சா கொழாய் மேல இருக்கிற க்ரோம்தான் போகும். இது கரையுறது புளிப்புல மட்டும்தான். கடையில விக்கிற ஆசிட்டும் அந்த வேலையைத்தான் செய்யுது, அளவுக்கு மீறின வேகத்துல. நமக்கு அந்த வேகம் தேவையில்ல, நேரம் குடுத்தா போதும்.

நம்ம கிட்ட புளிப்புக்கா பஞ்சம்? வினிகர் இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு, புளி இருக்கு, புளிச்ச மோர் இருக்கு. செலவு கம்மியா ஆகணும்னா மளிகைக் கடையிலயோ நாட்டு மருந்து கடையிலயோ எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட்னு சொன்னாலும் குடுப்பாங்க, சர்க்கரை மாதிரி வெள்ளையா இருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு டேபிள்ஸ்பூன் கரைச்சா ஆச்சு, கொதிக்கிற தண்ணி வேணாம். வினிகர்னா கடையில விக்கிற வெள்ளை வினிகர் அப்படியே போதும், அதுல 4-5 சதவீதம்தான் அசிட்டிக் ஆசிட் இருக்கும்.

செய்யுற விதம்தான் முக்கியம். ஊத்தின உடனே தேய்க்காதீங்க. பழைய காட்டன் துணியை அந்தத் தண்ணில நனைச்சு கொழாயை சுத்தி கட்டிடுங்க, அரை மணி நேரம் விடுங்க, அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால லேசா தேய்ச்சாலே உதிரும். ராத்திரி முழுக்க கட்டி வெக்காதீங்க, க்ரோம் மங்கிடும். கொழாய் வாயில சின்னதா ஒரு வலை இருக்கும் பாருங்க, தண்ணி கோணல் மாணலா பீச்சி அடிக்குதுன்னா அதுல உப்பு அடைச்சிருக்குன்னு அர்த்தம். அதை திருகி கழட்டி ஒரு டம்ளர்ல வினிகர் ஊத்தி போட்டுடுங்க. போட்ட உடனே பொடிப்பொடியா நொரை மேல வரும், வலை கண்ணுல ஒட்டிகினு இருந்த வெள்ளை மணி ஒவ்வொண்ணா கழண்டு டம்ளர் அடியில விழும். நொரை வர்றது நின்னுடுச்சின்னா ஒண்ணு உப்பு தீர்ந்திருக்கும், இல்ல வினிகர்ல புளிப்பு தீர்ந்திருக்கும். இன்னும் வெள்ளை ஒட்டிகினு இருந்தா வினிகரை மாத்தி ஊத்துங்க. ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர் ஊத்தி, ஷவர் தலை அதுல முங்குற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு தொங்க விட்டா போதும், கழட்டவே வேணாம்.

டைல்ஸ் செவுத்துக்கு துணி நிக்காது, அதுக்கு ஸ்ப்ரே பாட்டில்ல அடிச்சு 15 நிமிஷம் விட்டு தேய்ங்க. டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்டை புளிப்பு மெதுவா அரிக்கும், அதனால ஊற விட்டு மறந்துடாதீங்க, நல்லா தண்ணி ஊத்தி அலசி விடுங்க. பக்கெட், மக் அடியில இருக்கிறதுக்கு புளிச்ச மோரே போதும், ராத்திரி ஊத்தி வெச்சு காலையில தேங்காய் நாரால தேய்ச்சா வந்துடும். புளி கரைச்ச சக்கையைத் தூக்கிப் போடாதீங்க, பித்தளை கொழாய் இருக்கிறவங்களுக்கு அதைவிட நல்லது ஒண்ணு கிடையாது.

இதெல்லாம் பண்ணிட்டு கடைசியா அதே உப்புத் தண்ணியை ஊத்தி அப்படியே விட்டீங்கன்னா மறுபடி படியத்தான் செய்யும். குளிச்சு முடிச்ச கடைசி ஆள் ஒரு துணி எடுத்து கொழாயையும் செவுத்தையும் தொடைச்சுட்டு வரணும், வீட்ல இருக்கிற ஆம்பளைங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன். தண்ணி காயுறதுக்கு இடமில்லன்னா உப்பு எங்க இருந்து படியும்? இன்னொண்ணு, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணி இன்னும் அதிக உப்பு, அதை டாய்லெட் கோப்பையில ஊத்துறதுக்கு வெச்சுக்கோங்க, கொழாய் கண்ணாடி தொடைக்க வேணாம். ஏசி வெச்சிருக்கீங்கன்னா அதுல இருந்து சொட்டுற தண்ணில உப்பே இருக்காது, வேலூர் வெயிலுக்கு ஒரு ராத்திரிக்கே நெறைய சேரும், ஒரு பக்கெட் வெச்சு பிடிச்சு அதுல துணி நனைச்சு கண்ணாடி தொடைச்சுப் பாருங்க, ஒரு திட்டு கூட நிக்காது.

கேள்வி: வணக்கம் மேடம், குடியாத்தத்துல இருந்து எழுதறேன். வீடியோல எல்லாரும் ஆப்ப சோடா மேல வினிகர் ஊத்தி பொங்க விடறாங்க. நானும் அப்படியேதான் பண்றேன், சும்மா பொங்கிட்டு அடங்கிடுது, கறை அங்கேயே கீது. ரெண்டு பாட்டில் வினிகர் காலி.

பதில்: கறை போகாததுக்கு காரணமே அந்தப் பொங்கல்தாங்க. வினிகர் புளிப்பு, ஆப்ப சோடா அதுக்கு எதிர் குணம். ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு கடைசியில மிஞ்சுறது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணி. பாக்க நல்லா இருக்கு, அவ்ளோதான்.

தனித்தனியா போட்டீங்கன்னா ரெண்டுமே நல்ல பொருள். வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர் மட்டும். பேசின்ல படியுற எண்ணெய்ப் பிசுக்கு, குளிக்கிற இடத்துல இருக்கிற வழவழப்பு, இதுக்கெல்லாம் ஆப்ப சோடா. கொஞ்சமா தண்ணி விட்டு குழைச்சு தடவி, பத்து நிமிஷம் விட்டு தேய்ங்க, கீறல் விழாது. பிசுக்கு ரொம்ப ஏறிப் போச்சுன்னா சலவை சோடா, அது ஆப்ப சோடாவைவிட காரம் ஜாஸ்தி, கையில உறை போட்டுக்கோங்க. சோப்பு அழுக்குன்னு ஒண்ணு இருக்கே, பக்கெட் ஓரத்துல சாம்பல் கலர்ல ஒட்டுமே, அது சோப்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்து உண்டாகுறது. அதுக்கு முதல்ல புளிப்பு போட்டு தேய்ச்சு அலசிட்டு, அப்புறம் ஆப்ப சோடா. நடுவுல அலசணும், அதை விட்டுடாதீங்க.

சோப்பு அழுக்கு படியவே கூடாதுன்னா பூந்திக்கொட்டை பக்கம் போங்க. விதையை எடுத்துட்டு தோலை மட்டும் ராத்திரி ஊற வெச்சு, காலையில ஒரு கொதி விட்டு வடிகட்டினா நல்லா நொரைக்கிற தண்ணி கிடைக்கும். சோப்பு மாதிரி உப்புத் தண்ணில திரிஞ்சு போகாது, நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா வெளிய வெச்சா சில நாள்ல கெட்டுடும், கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கோங்க.

கேள்வி: வேலப்பாடில தாத்தா காலத்து வீடு. பாத்ரூம்ல கடப்பா கல் போட்டிருக்கு, வெளி ரூம்ல மொசைக். கெமிக்கல் வேணாமேன்னு எலுமிச்சம்பழம் தேய்ச்சேன், கருப்பா இருந்த கல்லு அங்கங்க வெளுத்துப் போச்சு. இயற்கையானதுதானே, இப்படி ஆகுமா?

பதில்: ஆகும்ங்க. இயற்கையானது எல்லாத்துக்கும் ஒத்து வரும்னு இல்ல. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. கொழாய்ல படியுற உப்பும் கிட்டத்தட்ட அதே சுண்ணாம்புதான். கறையை கரைக்கிற புளிப்பு கல்லையும் கரைக்கும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. மார்பிளுக்கும் இதே கதை. மொசைக்ல மார்பிள் சில்லும் சிமெண்டும்தான் இருக்கு, அதனால அங்கயும் புளிப்பு கூடாது. பழைய சிவப்பு சிமெண்ட் தரைக்கும் கூடாது. வினிகர், எலுமிச்சை, புளி, மோர் எதுவும் இந்தத் தரைங்க பக்கம் வரக் கூடாது.

உங்க கல்லு வெளுத்தது அழுக்கு இல்ல, மேல் பளபளப்பு போயிருக்கு, அதனால தேய்க்க தேய்க்க சரியாகாது. பாலிஷ் போடுறவங்களைக் கூப்பிட்டுத்தான் சரி பண்ண முடியும். அது வரைக்கும் ஓரத்துல, கால் வெக்காத இடத்துல மட்டும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் துணியில தொட்டு தடவினா வெளுப்பு தெரியாது, நடக்கிற இடத்துல தடவிடாதீங்க, வழுக்கும். இனிமே கழுவ ஆப்ப சோடா, இல்லன்னா பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு, ஒரு தென்னந்தொடப்பம். பழைய வீட்டுக் கல்லு, இன்னொரு தலைமுறை தாங்கும், பத்திரமா பாத்துக்கோங்க.

கேள்வி: ராணிப்பேட்டை. எங்க போர் தண்ணி புடிக்கும்போது தெளிவா கீது, கொஞ்ச நேரத்துல பழுப்பாயிடுது. கோப்பையில, பேசின்ல செம்மண் மாதிரி கோடு. ப்ளீச்சிங் பவுடர் போட்டா இன்னும் அதிகமாகுது.

பதில்: அது இரும்பு. தண்ணில கரைஞ்சு வரும்போது நிறம் தெரியாது, காத்து பட்டா துருவா மாறி படியும். ப்ளீச்சிங் பவுடர் அந்தத் துருவை இன்னும் நல்லா பிடிக்க வெக்கும், நீங்க பாத்தது சரிதான், அதை நிறுத்துங்க. எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணிதான் இதுக்கு, வினிகரைவிட இது நல்லா வேலை செய்யும், இரும்பை பிடிச்சு இழுத்துகினு வந்துடும். கோப்பையில நிக்கிற தண்ணியை பிரஷ்ஷால உள்ள தள்ளிட்டு, கறை மேல டிஷ்யூ பேப்பரோ பழைய துணியோ ஒட்டி, அது மேல கரைசல் ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தா நல்லா தண்ணி ஊத்தி அலசின பிறகு, இன்னொரு நாள் இதை செய்யுங்க, ஏன்னு கீழ ஒரு கேள்வில சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்க மாமியார் வீடு சத்துவாச்சாரில. பாத்ரூம் கழுவிகினே இருக்கோம், ஆனா நாத்தம் போகல. செப்டிக் டேங்க்தான். ஃபினாயிலும் ஆசிட்டும் வாரா வாரம் ஊத்துறோம்.

பதில்: நாத்தம் எங்க இருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. தரையில ஜாலி மூடி போட்ட ட்ராப் இருக்கும்ல, அதுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் கீழ இருக்கிற வாயு மேல வராம தடுக்குது. அதிகம் புழங்காத பாத்ரூம்னா வெயில்ல அந்தத் தண்ணி காஞ்சு போயிடும், நாத்தம் நேரா உள்ள வரும். ஒரு மக் தண்ணி ஊத்தினாலே நின்னுடும். ஊருக்குப் போறீங்கன்னா தண்ணி ஊத்தி அது மேல ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுட்டு போங்க, எண்ணெய் மேல மிதந்து தண்ணி காயாம வெச்சிருக்கும்.

தண்ணி இருந்தும் நாத்தம்னா ஜாலியைக் கழட்டிப் பாருங்க. முடியும் சோப்பும் சேர்ந்து கருப்பா ஒரு வழவழப்பு இருக்கும், சின்னச் சின்ன ஈ உக்காந்திருக்கும், அதெல்லாம் அந்த வழவழப்புலதான் முட்டை போடும். கையில உறை போட்டு அதை எடுத்துட்டு, ஆப்ப சோடா போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு சுடு தண்ணி ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, பிவிசி பைப் இளகிடும்.

இப்ப செப்டிக் டேங்க் பத்தி. உள்ள இருக்கிற கழிவை மக்க வெக்கிறது கிருமிங்க, நமக்கு வேலை செய்யுற கிருமிங்க. கொஞ்சம் ஃபினாயில் போனா தாங்கிக்கும், வாரா வாரம் பாட்டில் கணக்குல ஆசிட்டும் ஃபினாயிலும் போனா அதுங்க செத்துப் போகும், கழிவு மக்காம தேங்கும், நாத்தம் அதிகமாகும். நீங்க நாத்தத்துக்காக ஊத்துறதே நாத்தத்தை வளக்குது. நிறுத்துங்க. 2-3 வருஷத்துக்கு ஒரு தபா லாரியைக் கூப்பிட்டு எடுத்துடணும். எடுக்கும்போது எந்த நிலைமையிலயும் உள்ள ஆளை எறக்க விடாதீங்க. உள்ள விஷவாயு இருக்கும், ஒரு மூச்சு போதும் ஆள் விழுறதுக்கு, காப்பாத்தப் போன ஆளும் சேர்ந்து போயிடுவாங்க. 2013ல வந்த சட்டப்படி அது குற்றமும் கூட. கொஞ்சம்தான் பாக்கி, எறங்கி வாரிடறேன்னு அவங்களே சொன்னாலும் வேணாம்னு நீங்க நிக்கணும், காசு குறையுதேன்னு ஒத்துக்கிறதுக்கு இங்க இடமே இல்ல.

கேள்வி: மேடம், சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல எங்களுக்கு நாலு ரூம் இருக்கு, வைத்தியத்துக்கு வர்ற வெளியூர்க்காரங்களுக்கு வாடகைக்கு விடறோம். பாத்ரூமை முழுக்க இயற்கை முறைல மாத்திக்கலாமா?

பதில்: முழுக்க மாத்தாதீங்க. இதை அழுத்தமாவே சொல்றேன். சுத்தம் பண்றது வேற, கிருமியைக் கொல்றது வேற. வினிகர், எலுமிச்சை, வேப்பிலைத் தண்ணி எல்லாம் கறையை எடுக்கும், வாந்தி பேதிக்கு காரணமான கிருமியை நம்பிக்கையா கொல்லும்னு சொல்ல முடியாது. சாதாரண வீட்ல, எல்லாரும் நல்லா இருக்கும்போது, சோப்பு போட்டு தேய்ச்சு கழுவினாலே போதும். ஆனா உங்க ரூமுக்கு வர்றவங்க ஆபரேஷன் முடிஞ்சவங்க, கேன்சருக்கு மருந்து ஏத்திகினு இருக்கிறவங்க, அவங்க உடம்புக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. ஒரு குடும்பம் போயி அடுத்த குடும்பம் வர்றதுக்குள்ள கிருமிநாசினி போட்டே ஆகணும்.

அதுக்கு ப்ளீச்சிங் பவுடர் போதும். முதல்ல சோப்புத் தண்ணி ஊத்தி தேய்ச்சு அழுக்கை எடுத்துடுங்க, அழுக்கு மேல ப்ளீச்சிங் போட்டா பாதி வீணாகும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு தலை தட்டின ஒரு டீஸ்பூன் கலந்து, கோப்பை, ஃப்ளஷ் பட்டன், கொழாய் திருகு, கதவு தாழ்ப்பாள் எல்லாம் தடவி பத்து நிமிஷம் விட்டு கழுவுங்க. வாந்தி, பேதி, ரத்தம் பட்ட இடம்னா லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன். தினமும் புதுசா கலக்கணும், நேத்து கலந்தது இன்னிக்கு வீரியம் இருக்காது.

இப்ப ரொம்ப முக்கியமானது. ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல ஆசிட், வினிகர், எலுமிச்சை உப்பு, கோப்பை கழுவுற நீல லிக்விட், எதுவும் அன்னிக்கு படக் கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூம்ல கதவு சாத்திகினு இருந்தா ஆள் மயங்கி விழுற அளவுக்கு வரும். கழுவுற அம்மா கிட்ட இதை நீங்க நின்னு சொல்லணும், ரெண்டு பாட்டிலையும் வேற வேற இடத்துல வெக்கணும், கதவைத் திறந்து வெச்சுத்தான் வேலை செய்யணும்.

மத்த நாள் வேலைக்கு, உப்புக்கறைக்கு, பிசுக்குக்கு, மேல சொன்ன இயற்கை முறை தாராளமா போதும்.

கேள்வி: வாலாஜால இருந்து. எலுமிச்சைத் தோல்ல பயோ என்சைம் செய்யுறாங்களே, அது உண்மையிலயே வேலை செய்யுமா அக்கா? அளவு சொல்லுங்க.

பதில்: வேலை செய்யும், ஆனா அதுல அதிசயம் எதுவும் இல்ல. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை சாத்துக்குடி ஆரஞ்சுத் தோல் மூணு பங்கு, தண்ணி பத்து பங்கு, மூணு மாசம் புளிக்க விடணும். பழைய வெல்லம், கருத்த வெல்லம் இருந்தா அதுவே போதும், நல்ல வெல்லத்தை பொங்கலுக்கு வெச்சுக்கோங்க. தோலுக்கு ஜூஸ் கடையில சொல்லி வெச்சா குடுத்துடுவாங்க, அவங்களுக்கும் குப்பை கம்மி. பிளாஸ்டிக் டப்பாவுலதான் போடணும், கால் பாகம் காலியா விடணும், முதல் மாசம் தினமும் மூடியை லேசா திறந்து காத்தை விடணும். கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்கி மூடிட்டீங்கன்னா வெடிச்சிடும், அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம்.

மூணு மாசம் கழிச்சு வடிகட்டினா கிடைக்கிறது பெரும்பாலும் வினிகர் மாதிரி ஒரு புளிப்புத் தண்ணிதான், தோல் வாசனையோட. டைல்ஸ் தரைக்கு ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து தொடைங்க, கோப்பைக்கு அப்படியே ஊத்தி ராத்திரி விட்டுடலாம். செப்டிக் டேங்குக்கு தொந்தரவு இல்ல. கடப்பா கல், மார்பிள் கூடாது, கிருமிநாசினின்னும் நம்பாதீங்க. தோலு குப்பைக்குப் போகாம ஒரு உபயோகம் ஆகுது பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன், காட்பாடில நாலு பசங்க சேர்ந்து ரூம் எடுத்திருக்கோம். பாத்ரூம்ல ஜன்னலே இல்ல, செவுத்துலயும் கதவு கீழயும் கருப்பா பூஞ்சை. தேய்ச்சா போகுது, பத்து நாள்ல மறுபடி வந்துடுது.

பதில்: தம்பி, ஈரம் இருக்கிற வரைக்கும் அது வரும். கடைசியா குளிக்கிறவன் வைப்பர் போட்டு செவுத்துல இருந்து தரை வரைக்கும் தண்ணியை இழுத்து விடணும், கதவைத் திறந்து வெக்கணும், ஈரத் துண்டை உள்ள தொங்க விடக் கூடாது. ஓனர் கிட்ட ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்க, செவுரு கெட்டுப் போறது அவருக்கும் நஷ்டம்தான், அதை எடுத்துச் சொல்லுங்க. இருக்கிற பூஞ்சைக்கு தண்ணி கலக்காத வினிகர் அடிச்சு ஒரு மணி நேரம் விட்டு தேய்ங்க. போகலன்னா மெடிக்கல்ல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், அடிச்சு பத்து நிமிஷம் விட்டா போதும், அது கடைசியில தண்ணியும் ஆக்சிஜனுமா பிரிஞ்சிடும். வினிகரையும் அதையும் ஒரே பாட்டில்ல கலக்காதீங்க. தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கோ, காஞ்ச பூஞ்சைத் தூள் நெஞ்சுக்குள்ள போகும். கதவு அடியில பிளைவுட் ஊறி உப்பிப் போச்சுன்னா அதை கழுவி பிரயோஜனம் இல்ல, மாத்தத்தான் வேணும்.

கேள்வி: ஆம்பூர். தோல் தொழிற்சாலை கழிவுல பாலாறே போச்சு. நான் ஒருத்தி வீட்ல ஆசிட் ஊத்தாம இருந்து என்ன ஆகப் போவுது?

பதில்: உங்க கோபம் நியாயமானது. பாலாறு கெட்டதுல நம்ம பாத்ரூம் பங்கு தோல் கழிவு முன்னாடி ரொம்ப சின்னதுதான், அதை மறைச்சுப் பேச மாட்டேன். வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு தீர்ப்பு சொல்லிச்சு, நாடு முழுக்க சுற்றுச்சூழல் வழக்குல இன்னிக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுறாங்க. 2025 ஜனவரியில மறுபடி அதே பாலாத்துக்காக கோர்ட் உத்தரவு போட வேண்டி வந்துச்சு. அதை நாம கேட்டுகினே இருக்கணும்.

ஆனா உங்க கேள்விக்கு என் பதில் ஆத்துல இல்ல, உங்க வாசல்ல இருக்கு. செப்டிக் டேங்க்ல இருந்து ஊறுற தண்ணி உங்க தெரு மண்ணுலதான் இறங்குது, உங்க போரும் அதே மண்ணுலதான் இருக்கு. அதைவிட பெருசு, அந்த ஆசிட்டைப் புழங்குற கை. பல வீட்ல பாத்ரூம் கழுவுறது வேலைக்கு வர்ற அக்காதான். உறை கிடையாது, செருப்பு கூட கிடையாது, விரல் நுனி வெடிச்சு, நகம் ஓரம் வெள்ளையா ஊறிப் போயி, அதே கையோட அடுத்த வீட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்கிறாங்க. மிளகாய் அரைச்சா எரியுதுன்னு அவங்க யார்கிட்ட சொல்லுவாங்க? ஆசிட் இல்லாம கழுவுறதுக்கு அரை மணி நேரம் ஊறணும், அந்த நேரத்தை அவங்களுக்கு குடுங்க, இல்ல நீங்களே முன்னாடி ஊத்தி வெச்சிடுங்க. ரப்பர் உறை ஒரு ஜோடி வாங்கிக் குடுங்க. தவறி ஆசிட் கையில பட்டுடுச்சின்னா ஓடுற தண்ணில 15-20 நிமிஷம் காட்டணும், அது மேல ஆப்ப சோடாவோ மஞ்சளோ எதுவும் தடவக் கூடாது, கண்ணுல பட்டா தண்ணி ஊத்திகினே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கேள்வி: பேசின்லயும் பாத்ரூம் மூலையிலயும் அந்துருண்டை போடறோம், கரப்பான்பூச்சிக்கும் வாசனைக்கும். அது பரவால்லையா? கைக்குழந்தை இருக்கு. (அணைக்கட்டு)

பதில்: கைக்குழந்தை இருக்கிற வீட்ல வேணவே வேணாம்ங்க. அந்துருண்டையில பெரும்பாலும் இருக்கிறது நாஃப்தலீன். ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, அது சில குழந்தைங்களுக்கு பிறவியிலயே இருக்கும், வெளிய தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாஃப்தலீன் வாசனை பட்ட துணியைப் போட்டுகினு இருந்தாலே ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரைக்கும் போயிடும். எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து, பீரோவுல குழந்தை துணி நடுவுல வெச்சிருந்தா அதையும் எடுத்து, துணியை துவைச்சு வெயில்ல காய வைங்க.

கரப்பானுக்கு, ராத்திரி பேசின் ஓட்டையையும் தரை ஜாலியையும் அடைச்சிடுங்க, பொடி கண்ணு வலை மூடி ஹார்டுவேர் கடையில கிடைக்கும். ராத்திரி தரை காஞ்சு இருக்கணும், அதுக்கு தண்ணி கிடைக்கக் கூடாது. போரிக் பவுடர் உருண்டை வெக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, வேலை செய்யும், ஆனா தவழுற குழந்தை இருக்கிற வீட்ல அதுவும் வேணாம், குழந்தை வளந்த பிறகு பாத்துக்கலாம்.